எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் மகனைச் சிறப்புப் பள்ளிக்கு மாற்றத்தான் வேண்டுமா?

வாய்மொழியாகக் கேட்டால் தெளிவாகப் பதில் சொல்லும் உங்கள் மகன், நான்காம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டியே படிப்பதால், அவனைச் சிறப்புப் பள்ளியில் சேர்க்கும்படி பள்ளி சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளுள் டிஸ்லெக்சியா (எழுத்துகளைப் படிப்பதில் தொடர்ந்து ஏற்படும் சிரமம்) உள்ளிட்ட குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளும் அடங்கும். அரசு நிதி பெறும் பள்ளியும் அரசின் அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியும் இத்தகைய பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்து மற்றவர்களோடு சேர்ந்து படிக்க வகைசெய்ய வேண்டும் என்றும், குறைபாட்டை விரைவில் கண்டறிந்து கற்பிக்கும் முறையை அதற்கேற்ப அமைத்துக்கொள்ள வேண்டும் என்றும் அதன் 16ஆம் பிரிவு கூறுகிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகியவற்றை 17ஆம் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

முதலில் முறையான மதிப்பீடு செய்யுங்கள். லகர ளகர ழகரக் குழப்பம் பல பிள்ளைகளுக்கும் உண்டு (பெரியவர்களுக்கும்தான்!), அதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர இயலாது. பார்வையையும் செவித்திறனையும் சோதித்த பின், உளவியலாளர் வாசிப்பையும் எழுத்தையும் தனித்தனியே அளந்து தரும் அறிக்கையை இணைத்து, தலைமையாசிரியரிடம் எழுத்துபூர்வமாக விண்ணப்பித்து, ஒப்புகையும் பெற்றுக்கொள்ளுங்கள். மொழி விலக்கை மட்டும் அவசரப்பட்டுக் கேட்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒலியையும் எழுத்தையும் இணைத்துப் படிப்படியாகக் கற்பிக்கும் தனிப்பயிற்சிக்கு இந்த வயதில் நல்ல பலன் உண்டு.