மரத்தவளைக்கு யார் சொந்தக்காரர்? சில கேள்விகள், பதில்கள்

மழை பிடித்துவிட்டது. கன்னியாகுமரி மாவட்டத்துக் கீரிப்பாறைப் பக்கம் இரவில் பதிவு செய்த தவளைச் சத்தத்தைப் போன வாரம் பகிர்ந்ததிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து எழுதுகிறேன்.

குலசேகரத்திலிருந்து ஒரு ரப்பர் விவசாயி: தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரில் வெள்ளையாக நுரை ஒட்டிக்கிடந்தது. சோப்பு நுரை என்று கழுவிவிட்டோம். அப்புறம் தவளை முட்டை என்கிறார்கள். அப்படியா சார்?

ஆமாம், முட்டைதான். குளியலறைச் சுவரில் பல்லி போல ஒட்டிக்கொண்டிருக்குமே, பழுப்பு நிறத்தில் புள்ளி போட்ட தவளை, அதன் வேலை. முட்டையோடு வரும் வழுவழுப்பான திரவத்தைப் பெண் தவளை பின்னங்கால்களால் மோர் கடைவது போல அடித்து நுரையாக்கும். மேல்பக்கம் காய்ந்து அப்பளம் போல மொறுமொறுப்பாகிவிடும். விரலால் மெல்லப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். சில நாளில் நுரை கரைந்து, தலைப்பிரட்டைகள் நேராகக் கீழே தண்ணீரில் விழும். தண்ணீருக்கு மேலே இடம் பார்த்துக் கட்டுவது அதற்காகத்தான். அடுத்த முறை பார்த்தால் விட்டுவிடுங்கள். குடிக்கிற தண்ணீர் என்றால் நுரையை அலுங்காமல் பெயர்த்து, ஒரு வாளித் தண்ணீருக்கு மேலே இலையில் வைத்துவிடலாம்.

தக்கலை, கல்லூரி மாணவி: அமெரிக்க மழைக்காட்டு மரத்தவளையும் நம் ஊர் மரத்தவளையும் ஒரே மாதிரி இருக்கின்றன. ஒரே குடும்பம்தானே அண்ணா?

இல்லை தங்கச்சி. பெரிய அறிஞர்களும் இப்படித்தான் நினைத்தார்கள். மேலே சொன்ன குளியலறைத் தவளைக்கு 1830இல் பெயர் வைத்த விலங்கியலாளர் கிரே, அதை அமெரிக்க மரத்தவளைக் குடும்பத்தைச் சேர்ந்த 'ஹைலா' என்ற பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுப்பில்) தான் சேர்த்தார். இன்று இந்தியாவில் ஹைலா இருப்பது வடகிழக்கில் மட்டும். நம் தவளை ராக்கோஃபோரிடே என்ற வேறு குடும்பம். இப்போது அதன் பெயர் பாலிபெடேட்ஸ் மாக்குலேட்டஸ்.

காலைப் பார்த்தால் யாரும் ஏமாறத்தான் செய்வார்கள். இரண்டுக்கும் விரல் நுனியில் வட்டத் தட்டு உண்டு. கடைசி இரண்டு விரல் எலும்புகளுக்கு நடுவே கூடுதலாக ஒரு குருத்தெலும்பும் உண்டு. விரலை எந்தப் பக்கம் வளைத்தாலும் தட்டு இலையில் படிந்து நிற்க அது உதவுகிறது. ஆனால் மரம் ஏறிப் பிழைக்க வேண்டிய கட்டாயத்தால் இரு கூட்டமும் தனித்தனியாக அடைந்தவை இவை. மரபணுவைக் கேட்டால் கதையே வேறு. நம் மரத்தவளைக்கு நெருங்கிய பங்காளி மடகாஸ்கர் தீவின் மான்டெல்லிடே குடும்பம். நம் வயலில் கத்துகிற தவளையும் இதே கிளையைச் சேர்ந்ததுதான். அமெரிக்க மரத்தவளையோ, உங்கள் முற்றத்தில் விளக்கடியில் பூச்சி பிடிக்கிற சொறித்தவளைக்குத்தான் கூடுதல் சொந்தம்! இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நாகர்கோவில், ஆசிரியர்: புதர்த்தவளையை ஃபிலாட்டஸ் என்று படித்தோம், இப்போது ராவோர்செஸ்டெஸ் என்கிறார்கள். ஏன் மாற்ற வேண்டும்?

2010இல் தவளை ஆய்வாளர் எஸ். டி. பிஜுவும் கூட்டாளிகளும் மரபணு ஒப்பீட்டை வைத்து மேற்குத் தொடர்ச்சி மலையின் குட்டிப் புதர்த்தவளைகளைத் தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். பெங்களூரில் தவளைகளை ஆராய்ந்த சி. ஆர். நாராயண ராவ் நினைவாக வைத்த பெயர் அது. ஃபிலாட்டஸ் என்ற பெயர் தென்கிழக்காசியக் கூட்டத்துக்குப் போயிற்று. பெயர் மாறும்போது மாணவர்கள் முகம் சுளிப்பார்கள் சார், தெரியும். ஆனாலும் தப்பான வீட்டுப் பெயரோடு ஒரு பிள்ளையை விட்டுவைக்க முடியாதே.

நம் குட்டிப் புதர்த்தவளைக் கூட்டத்துக்குத் தலைப்பிரட்டையாக நீந்தும் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே முழுத் தவளையாகி வெளியே வரும். குளம் வேண்டாம், ஈரம் போதும்.

பூதப்பாண்டி: நம் மலைத் தவளையும் ஆனைமலைத் தவளையும் ஒன்றுதானா?

பல இனங்கள் ஒன்றல்ல. இடையில் ஒரு பள்ளம், செங்கோட்டைக் கணவாய். குளிர்ந்த உச்சிக்காட்டில் வாழும் கட்டைவிரல் அளவுத் தவளைக்கு, வெயில் காயும் கணவாய் கடல் மாதிரி. செங்கோட்டைக்குத் தெற்கே அகத்தியமலைக் கூட்டம் தனியாக நின்றுவிட்டது. அதன் தென்கோடிதான் நம் மாவட்டத்து மலை.

இந்தப் பகுதியில் எனக்கு மிகப் பிடித்தது ராவோர்செஸ்டெஸ் சலாசோடெஸ் என்ற புதர்த்தவளை. 1876இல் விலங்கியலாளர் குந்தர் பெயர் வைத்தார். அப்புறம் நூறு ஆண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. களக்காடு முண்டந்துறையில் பின்னால் கவனித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மெல்லிய காட்டு மூங்கிலின் தண்டில் இருக்கும் சின்ன விரிசல் வழியாக உடம்பை நெளித்து உள்ளே நுழைந்து, கணுக்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தில் முட்டையிடுகிறது. முட்டைக்குக் காவல் அப்பன் தவளை.

கடையாலுமூடு: நிறத்தை வைத்து இனம் சொல்லலாமா?

வேண்டாம். ஒரே இனம் பச்சை, பழுப்பு, கோடு போட்டது என்று பல சட்டையில் வரும். கத்தும் ஒலியைப் பதிவு செய்யுங்கள்; இடம், நேரம், தரையிலிருந்து எத்தனை அடி உயரம் என்று குறியுங்கள். கையில் பிடிக்க வேண்டாம், தோல் வழியாகவும் அது மூச்சு விடுகிறது.

அருமனை, எட்டாம் வகுப்பு: தேரை மோந்தால் தேங்காய் கெடுமா?

கெடாது மக்ளே. அது தின்பது பூச்சி, தேங்காயை அல்ல. காய் உள்ளே வெறுமையாவதற்கு மகரந்தம் சரியாகச் சேராதது, சத்துக்குறைவு என்று வேறு காரணங்கள் உண்டு.

பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு குடியிருப்பிலிருந்து: எங்கள் காணிக்காரர் பெயரில் ஒரு தவளை இருக்கிறது என்கிறாள் மகள். உண்மையா?

உண்மைதான் ஐயா. 2009இல் பிஜுவும் இன்னொரு ஆய்வாளர் போசுயிட்டும் ஒரு புதர்த்தவளைக்கு உங்கள் மக்களின் பெயரால் 'காணி' என்று பெயரிட்டார்கள். இன்றைய முழுப்பெயர் சூடோஃபிலாட்டஸ் காணி. இந்தப் பேரினத்தில் மிகப் பெரும்பாலானவை இலங்கைக் காட்டில்தான் இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் மூன்றே மூன்று. இங்கிருந்து போன ஒரு மூதாதை இலங்கையில் பல கிளையாகப் பெருகி, கடல் வற்றி நிலம் தெரிந்த காலத்தில் அதில் ஒரு கிளை திரும்பி வந்தது என்று மரபணு சொல்கிறது. அப்படி வந்த கிளையின் பிள்ளைதான் உங்கள் பெயர் கொண்ட தவளை. மழை நேரத்து இரவில் மகளையும் கூட்டிக்கொண்டு வெளியே நின்று கேளுங்கள். ஒலி கிடைத்தால் எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.