புதுசில் 420 சதுர அடியா, பழசில் 650 சதுர அடியா?

வீடு, கடன், பத்திரம்: ரொறன்ரோ வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயது. டவுன்ரவுனில் குயீன் தெருவுக்குக் கிட்ட ஒரு மருத்துவமனையில் தாதியாக வேலை செய்கிறேன். அம்மா அப்பாவோடு ஸ்காபரோவில் இருக்கிறேன், இரவு வேலை முடிந்து வீடு வந்து சேர ஒன்றரை மணித்தியாலம் போகிறது. வருடச் சம்பளம் 98,000 டொலர். கையில் 62,000 இருக்கிறது, அதில் 24,000 முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கில். வேறு கடன் இல்லை. இரண்டு கொண்டோ (அடுக்குமாடி வீடு) பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று ஸ்பதீனா–ஃப்ரண்ட் பக்கம், 34ஆம் மாடி, 420 சதுர அடி, கட்டி நாலைந்து வருடம், விலை 465,000, மாதப் பராமரிப்புக் கட்டணம் 290. மற்றது சென் லோரன்ஸ் மார்க்கெட்டுக்குக் கிட்ட, 1980களில் கட்டியது, 6ஆம் மாடி, 650 சதுர அடி, 470,000, பராமரிப்பு 610. எல்லாரும் புதுசை எடு என்கிறார்கள், 610 டொலர் ஆற்றில் போடுகிற காசாம். அப்பாவோ ஒஷாவாவில் ரவுன்ஹவுஸ் பார் என்கிறார். நான் என்ன செய்ய?
— தாதி, ஸ்காபரோ

பதில்: தங்கச்சி, உங்கள் இடத்தில் நான் இருந்தால் சென் லோரன்ஸ் வீட்டைத்தான் எடுக்கப் பார்ப்பேன். ஆனால் ஒரு பத்திரம் பார்த்த பிறகுதான். அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் அந்த 610.

அதற்குள் என்னென்ன அடக்கம் என்று முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். அந்தக் காலத்துக் கட்டடங்கள் பலவற்றில் சூடேற்றல், தண்ணீர், ஹைட்ரோ என்கிற மின்சாரம் மூன்றும் பராமரிப்புக் கட்டணத்துக்குள்ளேயே வந்துவிடும். புதிய கோபுரங்களில் வீட்டுக்கு வீடு மீற்றர், பில் தனியாக வரும், ஆகவே 290 என்பது 290ஆக நிற்காது. சதுர அடிக் கணக்கில் பார்த்தால் பழசில் 94 சதம், புதுசில் 69 சதம், அந்த இடைவெளியில் ஒரு பங்கை ஹைட்ரோ பில்லே சாப்பிட்டுவிடும். இன்னொன்று, புதுக் கட்டடத்தின் கட்டணம் முதல் சில வருடம் குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் எலிவேற்றரும் கூரையும் கொதிகலனும் இன்னும் பழுதாகத் தொடங்கவில்லை. அது ஏறும். பழைய கட்டடம் அந்த ஏற்றத்தில் பெரும் பகுதியைக் கண்டுவிட்டது. விலையிலும் அப்படித்தான், புதுசுக்குச் சதுர அடிக்கு 1,100 டொலருக்கு மேல் கொடுக்கிறீர்கள், பழசுக்கு 725கூட இல்லை.

சரி, வங்கி என்ன சொல்லும்? 470,000 வீட்டுக்கு 10 சதவீத முற்பணம் 47,000, மீதி 423,000. முற்பணம் 20 சதவீதத்துக்குக் கீழ் என்றபடியால் மோட்கேஜ் காப்புறுதி, அதாவது நீங்கள் வீட்டுக் கடனைக் கட்டாவிட்டால் வங்கியைக் காக்கிற காப்புறுதி, கட்டாயம். 10 சதவீத முற்பணத்துக்கு அது 3.1 சதவீதம், முதல் வீடு வாங்குவோருக்கு 2024 டிசம்பரில் இருந்து கிடைக்கிற 30 வருடத்தில் கட்டி முடிக்கிற தவணையை எடுத்தால் இன்னும் 0.2 கூடும். மொத்தம் 13,960 டொலர் அளவில் கடனோடு சேர்ந்துவிடும். வட்டி 4.2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதம் ஏறக்குறைய 2,130 கட்ட வரும். ஆனால் வங்கி உங்களை 4.2இல் சோதிக்காது, அதற்கு மேல் 2 சதவீதம் கூட்டி 6.2இல் கட்ட முடியுமா என்று பார்க்கும், அப்போது தவணை 2,650ஐத் தொடுகிறது. அதோடு வீட்டு வரி, சூடேற்றல், பராமரிப்புக் கட்டணத்தில் பாதி, எல்லாம் சேர்ந்து உங்கள் மாதச் சம்பளத்தில், பிடிப்பனவுக்கு முந்தைய சம்பளத்தில், 39 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. உங்களுக்கு அந்த எல்லை 3,185. சூடேற்றல் பராமரிப்புக் கட்டணத்துக்குள்ளேயே அடக்கம் என்றால், தவணை 2,650, கட்டணத்தில் பாதி 305, வீட்டு வரி ஒரு 170, ஆக 3,125. மட்டுமட்டாகச் சரிவருகிறது. புதுசென்றால் கட்டணம் குறைவானபடியால் வங்கிக் கணக்கில் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சில வங்கிகள் மிகச் சின்ன வீடுகளுக்குக் கடன் தரத் தயங்கும். 420 சதுர அடி என்று சொல்லியே முன்னனுமதி கேளுங்கள்.

கடைசி நாளில் எண்ணி வைக்க வேண்டிய காசு வேறு. வீடு கைமாறும்போது கட்டுகிற நிலமாற்று வரி ஒன்ராறியோவுக்கு ஒன்று, ரொறன்ரோ நகரத்துக்கு ஒன்று. 470,000க்கு ஒவ்வொன்றும் 5,875, மொத்தம் 11,750. முதல் வீடு என்பதால் மாகாணம் 4,000மும் நகரம் 4,475மும் கழிக்கும், உங்களுக்கு மிஞ்சுவது 3,275. மோட்கேஜ் காப்புறுதிக்கு 8 சதவீத மாகாண விற்பனை வரி இருக்கிறது, ஏறக்குறைய 1,120, இதைக் கடனில் சேர்க்க விடமாட்டார்கள், காசாகத்தான் கட்ட வேண்டும். பலர் இங்கேதான் கடைசி வாரத்தில் திண்டாடுவதைக் கண்டிருக்கிறேன். சட்டத்தரணிக்கும், வீட்டு உரிமையில் சிக்கல் வந்தால் காக்கிற உரித்துக் காப்புறுதிக்கும் ஒரு 2,500 வையுங்கள். எல்லாம் போக 62,000இல் உங்களிடம் 8,000 அளவில் நிற்கும். அதைச் சோபாவிலும் தொலைக்காட்சியிலும் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. வீட்டுக்கு மட்டும் மாதம் 2,900 போகும், கைக்கு வருகிற சம்பளத்தில் ஏறக்குறைய பாதி.

இப்போது அந்தப் பத்திரம். ஸ்டேட்டஸ் சேர்ட்டிபிக்கேற் என்பார்கள். கொண்டோ நிர்வாகத்திடம் யாரும் கேட்டு வாங்கலாம், வரியோடு 100 டொலருக்கு மேல் அவர்கள் எடுக்க முடியாது, 10 நாளுக்குள் தர வேண்டும். பெரிய திருத்த வேலைகளுக்காகச் சேர்த்து வைக்கிற கட்டடத்தின் இருப்பு நிதியில் எவ்வளவு கிடக்கிறது, கடைசி இருப்பு நிதி ஆய்வு எப்போது நடந்தது, வழக்கு ஏதும் இருக்கிறதா, விற்கிறவர் கட்டணப் பாக்கி வைத்திருக்கிறாரா, நிதி போதாமல் உரிமையாளர்களிடம் தனியாக அறவிடுகிற விசேஷ அறவீடு வரப்போகிறதா, எல்லாம் அதோடுதான் வரும்.

நானும் கணவரும் 2006இல் முதல் கொண்டோ வாங்கினோம். குசினியின் கறுப்புக் கல் மேசை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வேறு இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், நிபந்தனை போட்டால் வீடு போய்விடும் என்று முகவர் சொன்னார், நாங்களும் பத்திரம் பார்க்காமல் கையெழுத்து வைத்தோம். 2008இல் கதவுக்குக் கீழே ஒரு கடிதம் கிடந்தது. நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில் தண்ணீர் இறங்குகிறது, மேலே இருக்கிற நீர்த்தடுப்புப் படையை முழுக்கக் கிளறிப் புதிதாகப் போட வேண்டும், இருப்பு நிதி போதாது, உங்கள் பங்கு 11,400 டொலர், மூன்று தவணை. இதற்கு உரிமையாளர்களின் வாக்கெடுப்பு தேவையில்லை, நிர்வாக சபையே விதிக்கலாம். கட்டாவிட்டால் வீட்டின் மேலேயே உரிமைப் பற்று விழும், அதாவது அந்தப் பாக்கிக்கு வீடே பிணையாகிவிடும். மகளுக்கு அப்போது எட்டு மாதம். அந்த மூன்று தவணையையும் எப்படிக் கட்டினோம் என்பது எனக்கு மறக்காது. இரண்டு வருடம் கழித்து ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன், அன்றிலிருந்து என் மேசைக்கு வருகிற ஒவ்வொரு கொண்டோக் கோப்பிலும் முதலில் புரட்டுகிற பக்கம் இருப்பு நிதிப் பக்கம்தான்.

ஆகவே விலை எழுதும்போது இரண்டு நிபந்தனை வையுங்கள், கடன் கிடைக்க வேண்டும், உங்கள் சட்டத்தரணி ஸ்டேட்டஸ் சேர்ட்டிபிக்கேற்றைப் படித்துத் திருப்தியாக வேண்டும். 2022க்குப் பிறகு கொண்டோ விலை இறங்கி, சின்ன வீடுகள் வாங்க ஆளில்லாமல் கிடக்கிற காலத்தில் இந்த நிபந்தனைகளை மறுக்கிற விற்பனையாளர் அபூர்வம். மறுத்தால் விட்டுவிடுங்கள். பழைய கட்டடத்தில் ஜன்னல், கூரை, எலிவேற்றர், தரிப்பிடம் நாலும் எந்த வருடம் புதுப்பித்தது என்று இருப்பு நிதி ஆய்வில் பாருங்கள். நாலில் மூன்று ஏற்கெனவே முடிந்திருந்தால் அந்த 610 எனக்குப் பயமில்லை. நாலும் இனித்தான் என்றால், எவ்வளவு வடிவான வீடானாலும் வேண்டாம்.

பத்திரத்துக்கு முன்னால் உங்கள் கண்ணும் காலும் இருக்கின்றன. வேலைநாள் காலை எட்டரைக்குப் போய்க் கீழே பத்து நிமிடம் நில்லுங்கள், எலிவேற்றருக்கு எத்தனை பேர் காத்து நிற்கிறார்கள், அது மாடி மாடியாக நின்று நின்று வருகிறதா என்று தெரியும். தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிற அறிவித்தல்களை வாசியுங்கள். ஒரே மாதத்தில் மூன்று முறை தண்ணீர் நிறுத்தம் என்றால் குழாய்கள் கிழண்டிவிட்டன. பிறகு தரிப்பிடத்துக்கு இறங்கி மேலே அண்ணாந்து பாருங்கள். கொங்கிரீற் கூரையில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு, பக்கத்தில் துருப்பிடித்த செம்மஞ்சள் கறை, சொட்டுத் தண்ணீர் காரில் விழாமல் இருக்கத் தொங்கவிட்ட தகரத் தட்டு, இவை தெரிந்தால் 11,400 டொலர் கடிதம் எங்கேயோ தட்டச்சாகிறது என்று அர்த்தம்.

புது வீட்டுக்கு ஒரு அளவுநாடா கொண்டுபோங்கள். இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர் நீங்கள். தரையில் இருந்து கூரைவரை கண்ணாடி, கீழே கார்டினர் அதிவேகச்சாலை, தலைமாட்டுக்கும் குளிர்சாதனப்பெட்டிக்கும் இடையில் எத்தனை அடி? அந்த அளவு வீடுகள் பலவற்றில் படுக்கையறை என்பது ஜன்னலே இல்லாமல் ஒரு இழுவைக் கதவு போட்ட மூலைதான். மத்தியானம் ஒரு மணிக்குப் போய்க் கட்டில் இருக்கிற இடத்தில் ஐந்து நிமிடம் கண்ணை மூடி நின்று பாருங்கள்.

அப்பாவின் யோசனையைத் தட்டிவிடாதீர்கள், ஒஷாவாவில் நகரத்து நிலமாற்று வரி இல்லை, அறைகளும் கூட. ஆனால் கோ ரயிலில் யூனியனுக்கு ஒரு மணித்தியாலம் ஆகும், இரவு முழுக்க அது ஓடாது, ஆகவே கார் வேண்டும், காருக்குக் காப்புறுதி வேண்டும். சென் லோரன்ஸிலிருந்து உங்கள் மருத்துவமனைக்கு நடந்தே பத்துப் பன்னிரண்டு நிமிடம். அப்பாவையே ஒரு சனிக்கிழமை காலை மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய் மீன் பகுதியைக் காட்டி, அப்படியே வீட்டையும் காட்டுங்கள். 1980களில் வந்த எங்கள் சனம் வெலஸ்லி–பார்லிமென்ற் பக்கத்து மாடிகளில்தான் முதலில் குடியிருந்தது, அங்கிருந்துதான் பலர் ஸ்காபரோவுக்குப் போனார்கள். டவுன்ரவுன் எங்களுக்குப் புது ஊர் இல்லை.

கேள்வி: 2016இல் கல்யாணமாகி இங்கே வந்தேன். யாழ்ப்பாணத்தில் அம்மா சீதனமாக எழுதித் தந்த வீடு என் பெயரில் இருக்கிறது, பெரியம்மா அங்கே இருக்கிறா. நானும் கணவரும் சேர்ந்து டவுன்ரவுனில் சின்னக் கொண்டோ வாங்கப்போகிறோம். கனடாவில் வீடு இல்லாதபடியால் முதல் வீட்டுச் சலுகை கிடைக்கும் என்று முகவர் சொல்கிறார். சரியா?
— வாசகி, மார்க்கம்

பதில்: சரியில்லை, இதை எங்கள் ஆட்களில் நிறையப் பேருக்கு யாரும் சொல்வதில்லை. நிலமாற்று வரிச் சலுகைக்கு உலகத்தில் எங்கேயுமே, எப்போதுமே, உங்கள் பெயரில் வீடோ வீட்டில் பங்கோ இருந்திருக்கக் கூடாது. சீதன வீடும் வீடுதான், உறுதி உங்கள் பெயரில் இருந்தால் நீங்கள் உரிமையாளர். கல்யாணத்துக்குப் பிறகும் அது உங்கள் பெயரில் இருந்தபடியால் உங்கள் கணவருக்கும் கிடைக்காது, துணைவர் என்ற முறையில் அவரையும் அது பிடிக்கும். இப்போது அதை யாருக்காவது மாற்றி எழுதினாலும் பயனில்லை, 'எப்போதுமே' என்பதுதான் விதி. பொய்யாக உறுதிமொழி கொடுத்து எடுத்தால் பின்னால் வரியும் வட்டியும் தண்டமும் கேட்டு வருவார்கள். மாகாணமும் நகரமும் சேர்ந்து கழிக்கிற 8,475 டொலர் கிடைக்காது என்று எண்ணியே காசைத் திட்டமிடுங்கள். வெறுங்காணி மட்டும் என்றால் கதை வேறு, அது வீடாகாது.

முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கின் விதி இப்படி இல்லை. அங்கே பார்ப்பது இந்த வருடமும் அதற்கு முந்தைய நாலு வருடமும் நீங்களோ துணைவரோ சொந்தமாக வைத்திருக்கிற வீட்டில் நீங்கள் குடியிருந்தீர்களா என்பதைத்தான். நீங்கள் இங்கே வாடகைக்கு இருந்திருந்தால் இருவரும் ஆளுக்கொரு கணக்குத் திறக்கலாம், வருடம் 8,000, மொத்தம் 40,000 வரை.

கேள்வி: இன்னும் கட்டாத கொண்டோவை இப்போதே பதிவு செய், முற்பணத்தைத் துண்டு துண்டாகக் கட்டலாம் என்கிறார்கள். குறைந்த காசுக்காரனுக்கு இது வாய்ப்பா?
— வாசகர், ஏஜக்ஸ்

பதில்: குறைந்த காசுக்காரருக்குத்தான் இது ஆபத்து. கட்டி முடிய நாலைந்து வருடம் போகலாம். சாவி தந்தாலும் கட்டடம் பதிவாகும்வரை உரிமை உங்களுடையதில்லை, அதுவரை மாதாமாதம் குடியிருப்புக் கட்டணம் கட்டுவீர்கள், அதில் ஒரு சதம்கூடக் கடனைக் குறைக்காது. 2021, 2022இல் உச்ச விலைக்குக் கையெழுத்து வைத்தவர்கள் பலர் முடிக்கிற நாளில் வங்கி மதிப்பீடு குறைவாக வந்து, வித்தியாசத்தைக் கையிலிருந்து போட முடியாமல் தவித்தார்கள். கட்டி முடித்த வீடுகளே தாராளமாக விற்பனைக்கு நிற்கும்போது காகிதத்தில் இருக்கிற வீடு உங்களுக்கு ஏன்? ஏற்கெனவே கையெழுத்து வைத்துவிட்டீர்கள் என்றால் 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம், முழுக் காசும் திரும்பி வரும். இன்றைக்கே சட்டத்தரணியிடம் போங்கள்.

கேள்வி: 2003இல் கட்டிய கொண்டோ ஒன்று மலிவாக வருகிறது. பக்கத்தில் இதே அளவு வீட்டைவிட 25,000 குறைவு. ஏன் என்று தெரியவில்லை.
— வாசகர், நோர்த் யோர்க்

பதில்: கைகழுவும் தொட்டிக்குக் கீழே அலுமாரியைத் திறந்து குழாயைப் பாருங்கள். சுடுதண்ணீருக்குச் செம்மஞ்சள், குளிர்தண்ணீருக்கு நீலம் என்று பிளாஸ்டிக் குழாய் தெரிந்தால் கைடெக் என்ற வகைக் குழாயாக இருக்கலாம், 1995க்கும் 2007க்கும் இடையில் கட்டிய கட்டடங்களில்தான் அது பெரும்பாலும் இருக்கும். நாள்பட அது வெடிக்கக் கூடியது, காப்புறுதிக்காரர் முகம் சுளிப்பார்கள். மாற்றலாம், சுவரை உடைத்து ஒட்ட வேண்டி வரும். ஒரு பிளம்பரிடம் எழுத்தில் விலை வாங்கி அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். குழாய் செம்பு என்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது, ஸ்டேட்டஸ் சேர்ட்டிபிக்கேற் வரும்வரை பொறுங்கள்.