ஐயனார் ஏன் ரிக்கைக் கவிழ்க்கவில்லை?

அன்புள்ள சார்,

உங்கள் குறுநாவலை ஒரே மூச்சில் படித்தேன். எரிவாயு கம்பெனி ஐயனார் தோப்பில் ரிக்கை, அதாவது துளைபோடும் இயந்திரத்தை, இறக்கியதும் நடுராத்திரி மண்குதிரைகள் எழுந்து ஓடுகின்றனவே, புல்லரித்துவிட்டது. ஆனால் விடிவதற்குள் அவை திரும்பி வந்து நின்றுவிடுகின்றன, கடைசியில் கிராமசபைக் கூட்டத்தில் கதை முடிகிறது. சாமியை எழுப்பிவிட்டு இப்படிச் சப்பென்று முடிக்கலாமா?

ஒரு வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

ரிக் கவிழ்கிற காட்சியை எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் ஐயனாரே எல்லாவற்றையும் முடித்துவிட்டால் ஊர்க்காரர்களுக்குக் கதையில் என்ன வேலை? பொங்கல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

எழுதும்போது என் மனதில் இருந்தது ஒடிசாவின் நியம்கிரி. டோங்ரியா கோண்டு மக்களுக்கு அந்த மலை நியம் ராஜா என்ற தெய்வத்தின் இடம். வேதாந்தா கம்பெனியின் லாஞ்சிகர் ஆலைக்காக அங்கே பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவை வெட்டப் பார்த்தார்கள். 2013 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், சுரங்கம் அவர்களுடைய வழிபாட்டு உரிமையைப் பாதிக்குமா என்பதையும் கிராமசபைகளே பரிசீலிக்கட்டும் என்றது. 12 கிராமசபைகள் கூடின, பன்னிரண்டும் வேண்டாம் என்றன, 2014 ஜனவரியில் மத்திய அரசும் அனுமதியை மறுத்துவிட்டது. நியம் ராஜா எந்த இயந்திரத்தையும் கவிழ்க்கவில்லை, ஆனால் ஒரு சாமியின் வீடு எது என்று ஊர் கூடிச் சொன்னதை டெல்லி கேட்கவேண்டி வந்ததே, அதைவிடப் பெரிய மாயக்காட்சி எனக்கு எழுத வராது.

அவர்களுக்குக் காட்டில் வாழ்கிறவர்களின் உரிமையைக் காக்கும் வன உரிமைச் சட்டம் கைகொடுத்தது. டெல்டா விவசாயிக்கு அது இல்லை. மீத்தேன், நெடுவாசல், கதிராமங்கலம் என்று எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை எதிர்த்து வெயிலில் உட்கார்ந்த பிறகு 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது, அதுவும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தொடவில்லை. சரி, வயலுக்காவது ஒரு சட்டம் இருக்கிறது, ஐயனார் தோப்புக்கு? அதனால்தான் நாயகியைத் தாலுகா ஆபீசுக்கு அப்படி அலையவிட்டேன். அந்த அத்தியாயம் போரடிக்கிறது என்று வேறு சிலரும் எழுதியிருக்கிறார்கள். அடிக்கட்டும், தாலுகா ஆபீஸ் அப்படித்தான் இருக்கும்.

அப்புறம், குதிரைகள் சும்மா ஓடவில்லை சார். தோப்பின் பழைய எல்லையைச் சுற்றித்தான் ஓடின. மறுநாள் காலையில் நாயகி அந்தக் குளம்புத்தடத்தைப் பார்த்துத்தான் கம்பெனி வேலி உள்ளே நகர்ந்திருப்பதைக் கண்டுபிடிக்கிறாள், சர்வேயரைக் கூப்பிடுகிறாள், கிராமசபையில் அந்த வரைபடத்தைத்தான் விரித்துவைக்கிறாள். முடிந்தால் அந்த இடத்தை இன்னொரு தரம் படித்துப் பாருங்கள்.