வன்னியில் இருந்துகொண்டு பழைய ட்ரம் மெசின் சேர்க்கலாமா? எதில் தொடங்குவது?

கேள்வி கேட்டவர் கிளிநொச்சிப் பக்கம், இசைக்குழுவில் ஒக்டபாட் (தடியால் அடித்து வாசிக்கிற மின் தாளப் பலகை) வாசிக்கிறவர். கம்பியூட்டரில் எல்லா ஒலியும் சும்மா கிடைக்கும்போது பழைய பெட்டிக்குக் காசு கொடுக்கலாமா, கொடுத்தாலும் இங்கே அதைத் திருத்தவோ மாற்றவோ வழி இருக்கிறதா என்று விளக்கமாகக் கேட்டிருக்கிறார்.

தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் தாளத்தைத் தானே வாசிக்கிற இந்தப் பெட்டிகளில் பேர்போன ரோலண்ட் டிஆர்-808 (TR-808) ஐத் தேடிப் போகாதீர்கள். 1980 இல் வந்து 1983 இல் நின்றுபோன மெசின் அது. மொத்தமாகவே ஏறக்குறைய 12,000 தான் செய்தார்கள். இன்றைக்கு அதன் விலை பல ஆயிரம் டொலர். அந்தக் காசுக்கு ஒரு இசைக்குழுவுக்கே சாமான் வாங்கிவிடலாம். அதில் கேட்கிற 'சர்ர்' என்ற இரைச்சலுக்காக, தொழிற்சாலை கழித்துவிட்ட பழுதான ட்ரான்சிஸ்டர்களைத் தேடி வாங்கிப் போட்டதாக நிறுவனத்தைத் தொடங்கிய இக்குதாரோ ககேஹாஷியே சொல்லியிருக்கிறார். அந்த ட்ரான்சிஸ்டர் வரத்து நின்றதோடு 808 உம் நின்றது. அப்படியான ஒன்றை வாங்கி, உள்ளே கைவைக்கப் பயந்து அலுமாரியில் பூட்டிவைப்பதில் எனக்கு விருப்பமில்லை.

என் கணக்கில், பழைய ட்ரம் மெசினை வாங்குவதே அதைக் கழற்றலாம் என்பதற்காகத்தான். கம்பியூட்டரில் இருக்கிற ஒலியின் அடிமடியில் நீங்கள் கைவைக்க முடியாது. இதில் முடியும். 808 இன் பேஸ் ட்ரம்மையே எடுங்கள். உள்ளே முன்பே பதிந்துவைத்த ஒலி எதுவும் இல்லை. ஒப்-அம்ப் என்கிற பெருக்கிச் சிப் ஒன்றும் கொண்டென்சர், ரெசிஸ்டர் சிலவும் சேர்ந்த சின்னச் சுற்று ஒன்றுதான். ஒரு மின்துடிப்பு வந்து அதைத் தட்ட, கோயில் மணி மாதிரி அதிர்ந்து மெல்ல அடங்குகிறது. கொண்டென்சரின் பெறுமதியைக் கூட்டினால் சுருதி இறங்கும். சுற்றின் வரைபடம் இணையத்தில் கிடக்கிறது. வெரோபோர்டில் (பாகங்களைப் பற்றவைக்கிற ஓட்டைப் பலகை) நீங்களே கட்டி, பறையின் 'தொம்' எந்த ஆழத்தில் விழுகிறதோ அந்த இடத்துக்கு இறக்கிக்கொள்ளலாம். 808 வேண்டும் என்கிறவர்களில் கனபேருக்கு உண்மையில் வேண்டியது இந்த ஒரு சுற்றுத்தான்.

வாங்குவதென்றால் 1986 இல் வந்த டிஆர்-505. ஒரு காலத்தில் மலிவுப் பெட்டி என்று ஒதுக்கிய மெசின் என்பதால் விலை இன்னும் கைக்கு அடங்கும். 16 ஒலி. அதில் கொங்காவும் டிம்பாலேயும் கௌபெல்லும் இருப்பதால் எங்கள் தாளங்களுக்கு ஒத்துவரும். மிடி, அதாவது இசைக்கருவிகளை ஒன்றோடொன்று வயரால் பேசவைக்கிற முறையும் இருக்கிறது. அதற்குப் பிறகு கிடைத்தால் 1983 இன் பொஸ் டிஆர்-110 (இது DR-110). ஆறே ஆறு அனலொக் ஒலி (பதிவு இல்லை, சுற்றே எழுப்புகிற ஒலி), அதில் கைதட்டல் மிக அருமை. வேகத்தைத் திருகியாலேயே கூட்டிக் குறைக்கலாம். பறைமேளம் உச்சத்துக்குப் போகும்போது வேகம் ஏறுமே, அந்த ஏற்றத்தைக் கையாலே கொடுக்கலாம். கொழும்பில் பழைய இசைக்கருவி விற்கிற கடைகளையும், மூடிப்போன இசைக்குழுக்களையும் விசாரியுங்கள். தொண்ணூறுகளில் வாசித்தவர்களின் வீட்டு மேல்தட்டில் என்ன கிடக்கிறது என்று அவர்களுக்கே நினைவிருக்காது.

இனி கரண்ட். இங்கே மெசின் சாகிறது பெரும்பாலும் கரண்டால்தான். ரோலண்ட், பொஸ் அடப்டர்களில் நடு முனை மறை (−), வெளி வளையம் நேர் (+). கடைகளில் விற்கிற பொது அடப்டர் அநேகமாக இதற்கு மறுவளம். ஓட்டை பொருந்துகிறதே என்று செருகாதீர்கள், மீற்றர் வைத்துப் பார்த்த பிறகு செருகுங்கள். ஜப்பானிலிருந்து நேரே வந்த பெட்டி, ட்ரான்ஸ்போமர் உள்ளே இருக்கிற வகையென்றால் 100 வோல்ட்டுக்குச் செய்தது. எங்கள் 230 இல் போட்டால் அன்றோடு சரி. இடி மின்னல் காலத்தில் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைக் கழற்றிவிடுங்கள். 505 உம் 110 உம் பற்றரியிலும் வேலை செய்வதை நான் பெரிய வரமாக நினைக்கிறேன். போர் நடந்து, பற்றரிக்கே தடை இருந்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது. திருத்த வசதி உண்டா என்று கேட்டீர்கள். அந்தக் காலத்தில் ஈயமும் அயனுமாக இருந்து ரேடியோ திருத்தியவர்கள் இன்னும் சந்திகளில் கடை வைத்திருக்கிறார்கள். ட்ரம் மெசினை அவர்கள் கண்டிருக்க மாட்டார்கள். ஆனால் சுற்றுப்படத்தை அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் காய்ந்த கொண்டென்சரை விரலால் தொட்டுக் காட்டுவார்கள்.

கச்சான் காற்றுக் காலத்துப் புழுதி திருகிகளுக்குள்ளும் அழுத்துபொத்தான்களுக்குள்ளும் போய்விடும். பொத்தான் இரண்டு தரம் அடித்தால் ஒருதரம்தான் கேட்கிறது என்றால் அதுதான் காரணம். பொத்தானை மாற்றிவிடுவதே நல்லது, மலிந்த சாமான். துணி போட்டு மூடிவையுங்கள்.

மாற்றுவது பற்றி. 505 இல் ஒலிகள் நினைவகச் சிப்பில் இருக்கின்றன. எந்த ஒலியின் எந்தத் துண்டை எடுப்பது என்று மூளைச் சிப் அதற்கு முகவரி அனுப்பும். அந்த முகவரிக் கால்களில் இரண்டை ஒரு வயரால் தொடுத்தால் முகவரி குழம்பும். பேஸ் ட்ரம் தொடங்கிக் கௌபெல்லின் வாலோடு முடியும், ஸ்னேர் இரும்புத் தகரம் இழுபடுகிற சத்தமாகும். இதைச் செய்ய மூடியைக் கழற்றி, பற்றரியில் மட்டும் ஓடவிட்டு, ஒரு தாளத்தைச் சுழலவிடுங்கள். இரண்டு முனையிலும் ஊசி வைத்த வயர், நடுவில் ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர். சிப்பின் தரவுத்தாளைப் பார்த்து, கரண்ட் வருகிற காலையும் தரைக் காலையும் முதலே பேனையால் குறித்து ஒதுக்கிவிடுங்கள். மற்றக் கால்களை இரண்டிரண்டாகத் தொட்டுப் பாருங்கள். பிடித்த சத்தம் வந்த சோடியை எழுதிவைத்து, பிறகு ஆறுதலாகச் சுவிட்ச் போட்டு மேல்மூடிக்குக் கொண்டுவரலாம். மெசின் உறைந்து நின்றால் அணைத்துப் போடுங்கள், எழும்பிவிடும். நினைவில் இருக்கிற தாளங்கள் அழியக்கூடும் என்பதால் முதலே ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். இந்த வேலைக்கு ரோலண்ட் டிஆர்-606, பொஸ் 110 போன்ற அனலொக் பெட்டிகளை வெட்டாதீர்கள். அவை குறைந்துகொண்டு போகின்றன, அவற்றின் அழகும் இருக்கிறபடியேதான்.

தாளத்துக்கு வருவோம், எனக்கு ஆக விருப்பமான இடம் இது. மெசினில் ஒரு சுற்றுத் தாளம் 16 கட்டம் என்றால் நாலு நாலாகத்தான் அடிக்கவேண்டும் என்றில்லை. கடைசிக் கட்டத்தை 12 இல் நிறுத்தினால் பைலா நடை வந்துவிடும். 14 இல் நிறுத்தினால் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு. 'தகிட தகதிமி' யை ஓர் எழுத்துக்கு இரண்டு கட்டமாக வைத்து, 1 இல் பேஸ், 7 இலும் 11 இலும் மேல்கொங்கா போட்டுப் பாருங்கள். எழும்பி ஆடத் தோன்றும். ஆனால் பறையும் கூத்து மத்தளமும் கட்டத்துக்குள் நிற்காது. அடி கொஞ்சம் பிந்தி விழுவதில்தான் அதன் உயிர். அதனால்தான் உங்களிடம் ஒக்டபாட் இருப்பது பெரிய பலம் என்கிறேன். அதன் மிடி அவுட்டை 505 இன் மிடி இன்னுக்குக் கொடுங்கள். தடியால் அடிப்பது நீங்கள், ஒலிப்பது வயர் மாற்றிய 505. கட்டம் என்ற பேச்சே இல்லை. நான் அடித்தளத்துக்கு மட்டும் மெசினைச் சுழலவிட்டு, மேலே இப்படிக் கையால் அடித்ததைப் பதிவு செய்கிறேன். கோயிலில் பறை அடிக்கிறவர்களின் அடியைப் பதிவு செய்து பழகுகிறீர்கள் என்றால் அவர்களிடம் கேட்டுச் செய்யுங்கள், பாட்டு வெளிவரும்போது பெயரும் போடுங்கள், காசு வந்தால் பங்கும் கொடுங்கள்.

606 ஐயும் 505 ஐயும் சேர்த்து ஓட்டலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இரண்டிலும் ஒரே ஐந்து ஓட்டைச் சொக்கட்தான், ஆனால் 606 இல் இருப்பது மிடி இல்லை, டின் சிங்க். ஒரு கால்சுரத்துக்கு 24 துடிப்பு அனுப்புகிற பழைய முறை. மிடி வயர் பொருந்தும், வேலை செய்யாது. நடுவில் மாற்றிப் பெட்டி ஒன்று வேண்டும். அது கிடைக்கும்வரை இரண்டையும் தனித்தனியே பதிந்து கம்பியூட்டரில் அடுக்குங்கள்.