அந்த ரத்தப் பரிசோதனை வேண்டாம், தம்பியிடம் பேசுங்கள்

கேள்வி: பெங்களூரில் வேலை பார்த்த என் தம்பி (26 வயது) கொக்கெய்னை விட்டுவிட்டுக் கோத்தகிரிக்கு வந்து 18 நாள் ஆகிறது. எந்நேரமும் தூக்கம், அகோரப் பசி, கெட்ட கனவுகள். பி.டி.என்.எஃப். ரத்தப் பரிசோதனை செய்தால் மூளை எவ்வளவு பாழாகியிருக்கிறது என்று தெரியுமாமே? மூளை வளர்ச்சிக்குக் காளான் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறோம். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகுமோ என்றும் பயம். போன வாரம் பைக்கை நண்பனுக்குச் சும்மா கொடுத்துவிட்டான். ‘நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி’ என்கிறான்.

பதில்: கடைசி இரண்டு வரிகளை நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். கொக்கெய்னை நிறுத்திய ஆரம்ப வாரங்களில் மனம் அடியாழத்துக்கு இறங்கும். தற்கொலை எண்ணம் தலைதூக்குவதும் அப்போதுதான். இன்றே பக்கத்தில் உட்கார்ந்து, “செத்துடலாம்னு தோணுதாடா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. உள்ளே கிடப்பதைச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கும். ‘ஆமாம்’ என்றாலும் மௌனமாக இருந்தாலும் ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள். தேயிலைத் தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்து, களைக்கொல்லி, வீட்டிலுள்ள மாத்திரைகள் எல்லாவற்றையும் வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். பூட்டி வைப்பது போதாது, சாவி இருக்கும் இடம் அவருக்குத் தெரியும். ‘இல்லை’ என்று சொன்னாலும் இன்றே மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். அவசரமென்றால் 108. பேச ஆள் வேண்டுமென்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இரவிலும் தமிழில் பேசுவார்கள். போலீஸ் பயத்தில் தாமதிக்காதீர்கள்: போதைக்கு அடிமையாகி, தானாக முன்வந்து அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறுபவருக்கு 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் (என்.டி.பி.எஸ்.) 64ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது.

இனி அந்தப் பரிசோதனை. பி.டி.என்.எஃப். நரம்பணுக்களைக் காத்து வளர்க்கும் புரதம் என்பது உண்மை. ஆனால் ரத்தத்தில் இருப்பதில் பெரும்பகுதி, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகளில் சேர்ந்திருப்பது. ரத்தம் உறையும்போது அவை அதை வெளியே விடும். அதனால் உறையவிடாமல் பிரித்த ரத்தநீரான பிளாஸ்மாவைவிட, உறைந்த பின் பிரித்த ரத்தநீரான சீரத்தில் பல மடங்கு அதிகம் காட்டும். கோத்தகிரியில் எடுத்த ரத்தம் மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை லேபுக்குப் போய்ச் சேர்வதற்குள், எவ்வளவு நேரம் உறைந்தது, எப்போது பிரித்தார்கள் என்பதைப் பொறுத்தே எண் மாறிவிடும். உடற்பயிற்சியும் மனச்சோர்வும் அதற்கான மருந்தும்கூட அதை மாற்றும். ஆய்வுகளும் ஒரே திசையில் இல்லை. நிறுத்திய புதிதில் அளவு குறைந்திருந்து பிறகு ஏறியதாக ஒன்று சொல்கிறது. அளவு அதிகமாக இருந்தவர்களே சீக்கிரம் பழக்கத்துக்குத் திரும்பினார்கள் என்கிறது இன்னொன்று. ‘இதற்குக் கீழே போனால் மூளை பாழ்’ என்று சொல்ல ஓர் எல்லைக்கோடு கிடையாது. ரிப்போர்ட் வந்தால் என்னாலும் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

தூக்கம், பசி, கனவு மூன்றும் கொக்கெய்ன் விட்டதன் பின்விளைவு, வாரங்களில் அடங்கும். காளான் மாத்திரையை நிறுத்துங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை அறவே கூடாது.

மூளை ஒரேயடியாகப் போய்விடவில்லை. மாதக்கணக்கில் விலகியிருந்தால் கவனமும் நினைவும் பலருக்குத் தேறுகின்றன. கொக்கெய்ன் ஏக்கத்தைப் போக்க நிரூபிக்கப்பட்ட மாத்திரை இன்னும் இல்லை. தொடர்ந்த ஆலோசனைதான் பலன் தருகிறது, அதோடு சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக வரும்போதெல்லாம் சிறு பரிசு தரும் முறையும். பழக்கம் திரும்பியதா என்று பார்க்க அந்தச் சிறுநீர்ப் பரிசோதனையே போதும். எடுத்த 2 முதல் 4 நாள் வரை காட்டிக்கொடுக்கும்.