கேளுங்க சொல்றோம்: "படிக்கிற பசங்கதான் பாப்பாங்களாமே?"

கேள்வி: எங்க மாமியாருக்கு சர்க்கரை, கால்ல வந்த புண்ணு ஆறவே மாட்டேங்குது. வேலூர் சிஎம்சிக்கு கூட்டிட்டுப் போலாம்னு இருக்கோம். அங்க படிக்கிற பசங்கதான் பாப்பாங்க, ஒரே கேள்விய நாலு பேர் வந்து கேப்பாங்கன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. பெரிய டாக்டர் பாக்கவே மாட்டாரா? – ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: பாப்பாங்கம்மா. அது காலேஜ் ஆஸ்பத்திரி, அதனால யூனிட் யூனிட்டா, அதாவது டாக்டருங்க குழு குழுவா வேலை நடக்கும், மொதல்ல ஒரு சின்ன டாக்டர் வந்து எல்லாத்தையும் கேட்டு எழுதிக்குவாரு, அப்புறம் பிஜி, அதாவது டாக்டருக்கு மேல்படிப்பு படிக்கிறவரு, அவங்களுக்கு மேல சீனியர் டாக்டர்ங்க, என்ன வைத்தியம்னு முடிவு பண்றது அவங்க பொறுப்பு. மறுபடி மறுபடி கேக்குறது உங்கள அலைக்கழிக்க இல்ல, மொத ஆளுகிட்ட சொல்ல மறந்தது மூணாவது ஆளுகிட்ட வாயில வரும், எத்தனையோ தடவ அதுலதான் வியாதியே பிடிபடும். எந்த யூனிட், சீனியர் டாக்டர் யாருன்னு தயங்காம கேளுங்க, சொல்லுவாங்க. பழைய சீட்டு, மாத்திரை அட்டை, போடுற செருப்பு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க.

செருப்பு எதுக்குன்னு கேப்பீங்க. பால் பிராண்ட்னு ஒரு சர்ஜன் 1940கள்ல வேலூருக்கு வந்தாரு. தொழுநோய்க்காரங்க கை கால் தானா அழுகுதுன்னு ஊரே நம்புன காலம் அது. உணர்ச்சி செத்துப்போனதால அடிபடுறதும் அழுத்துறதும் தெரியாம போகுது, அதுலதான் புண்ணு வருதுன்னு அவரும் கூட இருந்தவங்களும் எடுத்துக் காட்டுனாங்க. மடங்கிப்போன கைய ஆபரேஷன் பண்ணி திரும்ப வேலை செய்ய வச்சாங்க. மரத்துப்போன காலுக்கு மெத்துனு இருக்குற எம்சிஆர்ங்கிற ரப்பர் செருப்ப இன்னைக்கு கால் மரத்துப்போன சர்க்கரை காரங்களுக்கும் குடுக்குறாங்க இல்ல, அதுக்குப் பின்னால வேலூர்லயும் பக்கத்துல கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியிலயும் தொழுநோய்க்காரங்க காலப் பாத்துப் பாத்து கத்துக்கிட்ட பாடம் இருக்கு. அதனால சொல்றேன், சொல்லிக் குடுக்குற ஆஸ்பத்திரின்னா தயங்காதீங்க. ஆறாத புண்ணுக்கு நாள் தள்ளாதீங்க, இந்த வாரமே கிளம்புங்க. சிஎம்சி தோதுப்படலன்னா அரசு ஆஸ்பத்திரியிலயாவது ஒடனே காட்டுங்க, வேலூர் பக்கம் அடுக்கம்பாறையில இருக்குறதும் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிதான்.

கேள்வி: ப்ளஸ் டூ படிக்கிறேன், டாக்டர் ஆகணும். சிஎம்சி மாதிரி இவ்ளோ பெரிய காலேஜ் மெட்ராஸ்ல வராம வேலூர்ல எப்படி வந்துச்சு? – ஒரு மாணவி, ஆரணி

பதில்: ஒரு பொண்ணாலதான்மா. ஐடா ஸ்கடர் 1870ல நம்ம ராணிப்பேட்டையில பொறந்தவங்க, அப்பா மிஷனரி டாக்டர். திண்டிவனத்துல ஒரே ராத்திரி மூணு வீட்டுலேருந்து பிரசவத்துக்கு, அப்போ டாக்டரே இல்லாத ஐடாவ கூப்பிட வந்தாங்க, ஆம்பள டாக்டர் தொடக்கூடாதுன்னு அப்பாவ வேணாம்னுட்டாங்க, மூணு பொண்ணுங்களும் செத்துப் போனாங்க. அதுக்கப்புறம்தான் அவங்க அமெரிக்கா போய் 1899ல டாக்டராகி வந்து, 1900ல வேலூர்ல ஒத்த கட்டிலோட வைத்தியத்த ஆரம்பிச்சாங்க. ரெண்டே வருஷத்துல 40 கட்டில் ஆஸ்பத்திரி.

ஆனா எனக்கு அதவிட பெருசா தெரியறது வேற. தான் ஒருத்தி எத்தன பேரத்தான் பாக்க முடியும்னு யோசிச்சு, 1909ல நர்சிங் ஸ்கூல், 1918ல பொண்ணுங்களுக்குன்னே மெடிக்கல் ஸ்கூல் தொறந்தாங்க பாருங்க, அது. அது வளந்து வந்த இந்தக் காலேஜுல பசங்களுக்கு 1947லதான் எடம் கெடச்சுது! ஐடா ஊர் ஊரா போய் ரோட்டோரம் மரத்தடியில வைத்தியம் பாத்தது குடியாத்தம் பக்கமும் நடந்துச்சு. கே.வி.குப்பத்துல இருக்குற சிஎம்சியோட ரூசா கிராம சேவையும் அந்த வழியில வந்ததுதான்.

இப்போ நீட் வழியாத்தான் சீட்டு. மிஷன் ஸ்பான்சர்ல, அதாவது ஒரு சர்ச் அமைப்போட சிபாரிசுல சேர்றவங்க படிச்சு முடிச்சதும் ரெண்டு வருஷம் அந்த மிஷன் ஆஸ்பத்திரியில வேலை பாக்கணும், நெறைய எடம் பட்டிக்காட்டுல இருக்கும். அத பாரமா நெனச்சீங்கன்னா வேற காலேஜ் பாருங்க. அதுக்காகவே சேரணும்னு தோணுச்சுன்னா இப்பவே உக்காந்து பயாலஜி படிங்க, விதிமுறை வருஷா வருஷம் மாறும், அப்ளிகேஷன் போடறதுக்கு முன்னாடி காலேஜ் அறிவிப்ப ஒரு வரி விடாம படிச்சிருங்க.