ஸ்கார்பரோ வந்த தம்பிக்கு: முதலில் 4625 என்ற லாகின் தோல்விப் பதிவைப் படிக்கப் பழகுங்கள்

தம்பி, கோவையில் நான்கு வருடம் டெக் சப்போர்ட் பார்த்துவிட்டு பிஆரோடு (நிரந்தர வதிவிட உரிமை) கனடாவின் ஸ்கார்பரோ வந்திருக்கிறீர்கள். செக்யூரிட்டி பக்கம் போக ஆசை, எத்திகல் ஹேக்கிங் கோர்ஸில் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். புதிதாக வருகிறவருக்கு எட்டக்கூடிய செக்யூரிட்டி வேலை எஸ்ஓசி அனலிஸ்ட், அதாவது தாக்குதல் நடக்கிறதா என்று கண்காணிக்கும் மையத்தில் வேலை. அங்கே நாள் முழுக்க லாக், அதாவது கணினி தானே எழுதிவைக்கும் பதிவு, படிக்க வேண்டும். அதற்கு நெட்வொர்க்கும் விண்டோஸும் அடி வரை தெரிந்திருக்க வேண்டும்.

நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் பார்த்தே நெட்வொர்க்கைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு தளத்தைத் திறந்தால் முதலில் 53-ஆம் போர்ட்டில் (சேவையின் வாசல் எண்) தளத்தின் ஐபி முகவரியைக் கேட்கும் டிஎன்எஸ் கேள்வி, பிறகு மூன்று பாக்கெட்டில் இணைப்பை ஏற்படுத்தும் டிசிபி கைகுலுக்கல், அதன்பின் 443-இல் மறையாக்கம் செய்யும் டிஎல்எஸ் என்று புத்தகத்தில் இருக்கும். பிரவுசரில் திறந்தால் பல நேரம் இது கண்ணில் படாது. பிரவுசரே டிஎன்எஸ்ஸை மறையாக்கம் செய்து 443 வழியாக அனுப்பிவிடும். சில தளங்களுக்கு டிசிபியே இல்லாமல் கைகுலுக்கல் தேவைப்படாத யுடிபியில் பேசும். அதனால் கட்டளைச் சாளரத்தில் கர்ல் (curl) என்ற கட்டளை மூலம் தளத்தைக் கேளுங்கள், மூன்று கட்டமும் வரிசையாகத் தெரியும். 22, 88, 389, 445, 3389 ஆகிய போர்ட்டுகள் எதற்கு என்பது தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும்.

அடுத்தது லாக். இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். 16 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் கணினிக்குள் கணினி ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, விண்டோஸ் சர்வரின் 180 நாள் இலவசப் பதிப்புக்கு 4 ஜிபி, உபுண்டு லினக்ஸுக்கு 2 ஜிபி ஒதுக்குங்கள். 8 ஜிபி லேப்டாப் என்றால் இரண்டையும் ஒன்றாக ஓட்டாதீர்கள், திணறும். வீட்டு விண்டோஸிலேயே பழகலாம் என்று பலர் இறங்கி, லாகின் தோல்விப் பதிவு ஒன்றுமே வரவில்லை என்று குழம்புவார்கள். சாதாரண விண்டோஸ் வெற்றிகரமான லாகினை மட்டும் பதியும் அமைப்போடு வரலாம்; சர்வர் இரண்டையும் பதியும்.

சர்வரில் ரிமோட் டெஸ்க்டாப்பை (தொலைவிலிருந்து திரையை இயக்கும் வசதி) இயக்கி, அதற்கு அனுமதியுள்ள ஒரு யூசரை உருவாக்கி, உபுண்டுவிலிருந்து அதில் ஐந்து முறை தப்பான பாஸ்வேர்டு போடுங்கள். பிறகு இல்லாத பெயர் ஒன்றைப் போட்டு முயலுங்கள். கடைசியில் சரியாக உள்ளே போங்கள். சர்வரின் லாகைக் காட்டும் ஈவன்ட் வியூவரில் செக்யூரிட்டி லாகைத் திறந்தால் தோல்வி ஒவ்வொன்றும் 4625, வெற்றி 4624. 4625-க்குள் சப் ஸ்டேட்டஸ் என்று ஒரு வரி இருக்கும். அது 64 என்று முடிந்தால் அப்படி ஒரு யூசரே இல்லை. 6ஏ என்று முடிந்தால் பெயர் சரி, பாஸ்வேர்டு தப்பு. வரிசையாக 64 வருகிறதென்றால் வெளியே இருப்பவன் பெயரையே ஊகித்துக்கொண்டிருக்கிறான். 6ஏ வரத் தொடங்கினால் பெயர் அவன் கைக்குப் போய்விட்டது, கவலை கூட வேண்டும். ஒரே பெயருக்கு நூறு முயற்சி வந்தால், பூட்டும் விதி போட்டிருக்கும் சர்வரில் அக்கவுண்ட் பூட்டப்பட்டு 4740 வரும். நூறு பெயருக்கு ஆளுக்கு ஒரே முயற்சி என்றால் எதுவும் பூட்டப்படாது, அலாரமும் அடிக்காமல் போகலாம். அந்த வரிசையின் முடிவில் அதே ஐபியிலிருந்து ஒரு 4624 இருக்கிறதா என்பதே அனலிஸ்ட் தேட வேண்டியது.

இன்னொன்று: பதிவில் லாகின் வகையைக் காட்டும் டைப் எண் இருக்கும்; ரிமோட் டெஸ்க்டாப் லாகின் என்றால் டைப் 10 என்று படித்திருப்பீர்கள். ஆனால் என்எல்ஏ (திரை திறக்கும் முன்பே பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறை) இயங்கும்போது தோல்விகள் டைப் 3 என்றே பதிவாகும். 10-ஐ மட்டும் வடிகட்டித் தேடினால் தாக்குதல் முழுவதும் விட்டுப்போகும். நேர்காணலில் இதைச் சொல்லத் தெரிந்தவர் கையால் செய்து பார்த்தவர் என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

ரகசியம் காத்தல், தகவல் மாறாதிருத்தல், வேண்டும்போது கிடைத்தல் என்ற செக்யூரிட்டியின் மூன்று அடிப்படைகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். நீங்கள் உறுப்பினர் அட்டை வாங்கப்போகும் டொராண்டோ பொது நூலகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபர் இறுதியில் அங்கே கோப்புகளை முடக்கிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தது. ஊழியர்களின் சொந்தத் தகவல் திருடுபோனது ரகசியம் உடைந்த கதை. இணையதளமும் பொதுக் கணினிகளும் மாதக்கணக்கில் முடங்கியது கிடைத்தல் உடைந்த கதை. பேக்கப் முடக்கத்தைச் சரிசெய்யும், திருடுபோனதைத் திருப்பித் தராது.

சான்றிதழுக்கு காம்ப்டியா செக்யூரிட்டி பிளஸ் 701 வரிசை போதும். 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்வி, 900-க்கு 750 வேண்டும், மூன்று ஆண்டு செல்லும். செய்துகாட்டும் கேள்விகள் பெரும்பாலும் முதலிலேயே வரும். அங்கே இருபது நிமிடத்தைத் தொலைத்துவிட்டுத் தோற்பவர்கள் உண்டு. குறி வைத்துவிட்டு நகருங்கள், கடைசியில் திரும்பி வரலாம். ப்ரொஃபசர் மெஸ்ஸரின் இலவச வீடியோக்கள் பாடத்திட்டம் முழுவதையும் எடுத்துவிடும். வேலை உத்தரவாதம் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் டாலர் கேட்கும் பயிற்சியில் பணத்தைக் கொட்டாதீர்கள்.

ரெஸ்யூமேயில் போட்டோ, வயது, திருமண விவரம் கூடாது. கோவையில் பாஸ்வேர்டு ரீசெட், அக்கவுண்ட் அனுமதி பார்த்ததை "சப்போர்ட்" என்று ஒரே சொல்லில் அடக்கிவிடாதீர்கள். அது செக்யூரிட்டி அனுபவமேதான். கனடா மத்திய அரசு வேலைக்கு ரிலையபிலிட்டி என்ற அடிப்படைப் பாதுகாப்பு அனுமதியே 5 ஆண்டுப் பின்னணியைப் பார்க்கும், அதற்கு மேலான சீக்ரெட் என்றால் 10 ஆண்டு. வெளிநாட்டு வருடங்களைச் சரிபார்க்க நேரமாகும். அதை மட்டுமே நம்பிக் காத்திருக்காமல் வங்கி, ஐடி சேவை நிறுவனம், ஹெல்ப் டெஸ்க் எல்லாவற்றுக்கும் போடுங்கள்.

நெட்வொர்க்கில் எந்தக் கணினி, எந்தப் போர்ட் திறந்திருக்கிறது என்று தேடும் என்மேப் கற்றதும் அபார்ட்மெண்ட் வைஃபையில் ஓட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம் தம்பி. அனுமதியின்றி அடுத்தவர் கணினிக்குள் நுழைவது கனடா குற்றவியல் சட்டம் 342.1 பிரிவில் 10 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். அந்த அளவு தண்டனை உள்ள குற்றத்தில் தீர்ப்பானால் பிஆரே பறிபோகலாம். இரண்டு விர்ச்சுவல் மெஷினையும் ஹோஸ்ட் ஒன்லி நெட்வொர்க்கில் (உங்கள் லேப்டாப்பைத் தாண்டாத நெட்வொர்க்) வைத்து, அதற்குள் எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டுங்கள்.